புதன்கிழமை மூன்று மணிக்கு வாருங்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்களுக்கு 60 வயது. பொதுத்துறை நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று ஐந்து மாதம் ஆகிறது. நடந்து போகும் தூரத்தில் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் அங்கே போய் ஏதாவது செய்யலாம் என்று நினைக்கிறீர்கள். ஆனால் நர்சிங் தெரியாது, பாட்டு தெரியாது, யோகாவும் தெரியாது. "அங்க போனா உங்க மனசுதான் கெட்டுப் போகும்" என்று மகன் தடுக்கிறார். போகலாமா, போனால் என்ன செய்வது என்பது கேள்வி.

எனக்கு இதில் இரண்டு கேள்விகள் தெரிகின்றன. அங்கே நான் பயன்படுவேனா என்பது ஒன்று. இன்னொன்றை நீங்கள் நேராகக் கேட்கவில்லை. கடைசி வரியில், "இன்னும் பதினைந்து வருடத்தில் நானும் அங்கேதானோ என்னவோ" என்று எழுதி நிறுத்திவிட்டீர்கள். இரண்டுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன். நான் சமூகப் பணி படித்தவள். 22 வருடமாகத் திருச்சியில் முதியோர் இல்லங்களிலும், தனியாக வசிக்கும் பெரியவர்களின் வீடுகளிலும் வேலை செய்கிறேன். அதில் பாதிக்கு மேல் தன்னார்வலர்களைச் சேர்ப்பதும் பழக்குவதும்தான். டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. அதனால் அந்தத் துறைகளைத் தொடும் இடங்களில் எனக்கு உறுதியாகத் தெரிந்ததோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தாராளமாகப் போங்கள். நர்சிங் தெரியாதது ஒரு குறையே இல்லை. நீங்கள் அந்த வேலையில் கை வைக்காமல் இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது. உங்களிடம் வேறு இரண்டு இருக்கின்றன, அவை அங்கே மிகவும் அரிது. வார நாளில் பகல் நேரம், அப்புறம் காகிதங்களைப் படித்துப் புரிந்துகொள்ளும் பழக்கம்.

பெரும்பாலான இல்லங்களில் ஞாயிற்றுக்கிழமையும் அமாவாசையும் கூட்டம் தாங்காது. பிறந்தநாள், கல்யாண நாள், அப்பா அம்மாவின் திதி என்று குடும்பத்தோடு வந்து சாப்பாடு போடுவார்கள். நல்ல காரியம். சில இல்லங்கள் அந்த உதவியை நம்பித்தான் மாதத்தை ஓட்டுகின்றன. ஆனால் வந்தவர்கள் ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுவார்கள். பலர் அங்கே ஒருவருடைய பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். புதன்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குப் போய்ப் பாருங்கள். சாப்பாடு முடிந்து, குட்டித் தூக்கமும் கலைந்து, காபி வர இன்னும் நேரம் இருக்கும். டிவியில் சீரியல் ஓடும், எதிரே இருக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அது சரியாகக் கேட்காது. முப்பது பேர் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் ஒருவரும் பக்கத்தில் இருப்பவரோடு பேச மாட்டார்கள். வேலைக்குப் போகிறவர்களால் அந்த நேரத்துக்கு வர முடியாது, காலேஜ் பிள்ளைகளாலும் முடியாது. ஓய்வு பெற்றவரால் முடியும்.

முடியும் என்பதற்காக முதல் மாதம் தினமும் போய்விடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நான் பார்த்த பெரிய தவறு இதுதான். ஓய்வு பெற்ற சூட்டில் வாரம் நாலு நாள் வருவார்கள். எல்லோரிடமும் பேசுவார்கள், எல்லாவற்றையும் மாற்றுவதாகச் சொல்வார்கள். மூன்றாவது மாதம் மகள் பிரசவம், பேத்தி மொட்டை, காசி யாத்திரை என்று ஏதாவது வரும். அப்படியே நின்றுவிடுவார்கள். எங்கள் இல்லத்தில் ஒரு பாட்டி இருந்தார். ஒரு அம்மா அவரை வியாழக்கிழமைகளில் பார்க்க வருவார். நேரம் கிடைத்தால் வருவார், கிடைக்காவிட்டால் இல்லை, போன் செய்து சொல்வதும் கிடையாது. பாட்டி வியாழன் காலை ஒன்பது மணிக்கே தலை வாரி, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வாசலைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். அந்த அம்மா வருவது நின்ற பிறகும் ஐந்தாறு வாரம் அப்படி உட்கார்ந்திருந்தார். பிறகு வியாழக்கிழமைகளில் கட்டிலை விட்டே எழுந்திருக்கவில்லை.

இதைப் பற்றி ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. ரிச்சர்ட் ஷூல்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1976ல் வெளியிட்டது. ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தவர்களைப் பார்க்கக் கல்லூரி மாணவர்களை இரண்டு மாதம் அனுப்பினார். சிலருக்கு, மாணவர் எப்போது வர வேண்டும், எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்று தாங்களே முடிவு செய்யும் உரிமை இருந்தது. சிலருக்கு இந்த நேரத்துக்கு வருவார் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. மூன்றாவது குழுவுக்கு மாணவர் திடீரென்று வந்து நிற்பார். நான்காவது குழுவைப் பார்க்க யாரும் வரவில்லை. வருகை எப்போது என்று தெரிந்திருந்த முதல் இரண்டு குழுக்களும் உடலளவிலும் மனதளவிலும் தேறின. திடீர் வருகையாளர் கிடைத்தவர்களுக்கு அந்த அளவு பலன் இல்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. ஆய்வு முடிந்து மாணவர்கள் வருவது நின்றதும், முன்பு நன்றாகத் தேறிய அதே இரண்டு குழுக்களும்தான் அதிகமாகச் சரிந்தன. இது 1978ல் வந்த தொடர் ஆய்வில் பதிவாகியிருக்கிறது. நாற்பது பேர் அளவிலான மிகச் சின்ன ஆய்வு, அதை வைத்து உலகத்துக்கே விதி எழுத முடியாது. ஆனால் அந்த நாற்காலியைப் பார்த்தவள் என்ற முறையில் என்னால் அதை ஒதுக்கவும் முடியவில்லை.

அதனால் என்னிடம் வருகிற எவரிடமும் நான் கேட்பது ஒன்றுதான். வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், ஒன்றரை மணி அல்லது இரண்டு மணி நேரம், குறைந்தது ஆறு மாதம், முடியுமா? வர முடியாத வாரத்தில் முந்தின நாளே போன் செய்து அந்தப் பெரியவரிடமே சொல்ல முடியுமா? முப்பது பேருக்கும் பொதுவாக வராமல், இரண்டு மூன்று பேருக்கென்று வர முடியுமா? இந்த மூன்றுக்கும் சரி என்பவர் பாட்டுப் பாட வேண்டியதில்லை. ஆறு மாதம் கழித்து நிறுத்த வேண்டியிருந்தால் அதையும் ஒரு மாதம் முன்பே சொல்லிவிட்டு, கடைசி நாள் வந்து விடைபெற்றுப் போக வேண்டும். வருத்தப்படுவார்கள் என்று சொல்லாமல் நின்றுவிடுவதுதான் அவர்களை அதிகம் வருத்தும்.

இதனால் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். தொண்டு செய்தால் ஆயுள் கூடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது பெரும்பாலும் அமெரிக்க ஆய்வுகளிலிருந்து வருவது. 2020ல் வந்த ஒரு ஆய்வில் 50 வயதுக்கு மேற்பட்ட கிட்டத்தட்ட 13,000 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். வருடத்துக்குக் குறைந்தது 100 மணி நேரம், அதாவது வாரம் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் தன்னார்வப் பணி செய்தவர்களிடம் அடுத்த நான்கு வருடங்களில் இறப்பும் உடல் இயலாமையும் குறைவாக இருந்தன. வாழ்வதற்கு ஒரு நோக்கம் இருக்கிறது என்ற எண்ணமும் அவர்களிடம் கூடுதலாக இருந்தது. அதே ஆய்வில் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற நாள்பட்ட நோய்கள் விஷயத்தில் தெளிவான பலன் ஏதும் தெரியவில்லை. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். உடம்பும் வசதியும் ஓரளவு நன்றாக இருப்பவர்கள்தான் தொண்டு செய்யவே போகிறார்கள். ஆய்வாளர்கள் இதைக் கணக்கில் எடுத்துக் கழித்துத்தான் சொல்கிறார்கள் என்றாலும், முழுவதும் கழித்துவிட முடியாது. ஆகவே ஆயுளுக்காகப் போகாதீர்கள். வாரத்தில் ஒரு நாள் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு, உங்களுக்காக ஒருவர் காத்திருக்கும் இடத்துக்குப் போவீர்கள். ஓய்வு பெற்ற ஆண்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சரி, அங்கே என்ன செய்வது? உங்கள் கணக்குப் பிரிவு அனுபவத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். இல்லங்களில் இருப்பவர்களிலும் தனியாக வசிப்பவர்களிலும் நிறையப் பேருக்கு ஏதோ ஒரு ஓய்வூதியம் வரும். அது நின்றுபோவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒரு காகிதம். மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஒவ்வொரு நவம்பரிலும், தாங்கள் உயிரோடு இருப்பதைக் காட்டும் வாழ்நாள் சான்றிதழ் கொடுக்க வேண்டும். 80 வயது கடந்தவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம். மாநில அரசு ஓய்வூதியர்களுக்கு 'நேர்காணல்' என்று வேறு காலக்கணக்கு, அதைக் கருவூலத்தில் கேட்டு ஆளுக்கு ஆள் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பி.எஃப். பென்ஷன்காரர்கள் வருடத்தில் எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் வாழ்நாள் சான்றிதழ் வந்த பிறகு இதை வீட்டிலிருந்தே செய்யலாம் என்று ஆனது. ஆனால் வயதானவர்களின் விரல் ரேகை தேய்ந்துபோயிருக்கும், மெஷின் எடுக்காது. ஐந்து முறை, பத்து முறை வைத்துப் பார்த்துவிட்டு, "எம் பேரே இல்லாம போச்சா?" என்று கண்கலங்கிய ஒரு தாத்தாவை எனக்குத் தெரியும். 2021லிருந்து முகத்தை வைத்தே பதிவு செய்யும் வசதி செல்போனில் இருக்கிறது. நல்ல வெளிச்சத்தில் உட்கார வைத்து, கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, அவசரப்படுத்தாமல் எடுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். தபால்காரரை வரவழைத்துக் கட்டணம் கொடுத்து எடுப்பதும் உண்டு.

வங்கி வேலையும் இப்படித்தான். 70 வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பணம் எடுப்பது, போடுவது போன்ற அடிப்படைச் சேவைகளை வீட்டு வாசலிலேயே செய்து தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017லேயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. பல கிளைகளில் வாடிக்கையாளர் கேட்டால்தான் சொல்வார்கள். கேட்கத் தெரிந்தவர் நீங்கள். அப்புறம் கே.ஒய்.சி. புதுப்பிப்பது, நாமினி பெயர் போடுவது, ஆதாரில் பழைய செல்போன் எண் இருப்பது என்று வரிசையாக வரும். வருமானமே இல்லாதவர்களுக்கு முதியோர் பென்ஷன் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023ல் அதை மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தினார்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 1,200 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று நினைக்கலாம். அந்தப் பணம் வந்த அன்று தன் கையால் எடுத்துப் பக்கத்துக் கட்டில்காரருக்கு வாழைப்பழம் வாங்கிக் கொடுக்கிறவரின் முகத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

இந்த இடத்தில் ஒரு கோடு போட்டாக வேண்டும். படிவத்தை நிரப்பலாம், கூடப் போகலாம், கேட்டு வந்து சொல்லலாம். ஏ.டி.எம். பின் நம்பரைத் தெரிந்துகொள்ளவே கூடாது. அவர்களே சொல்ல வந்தாலும் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். பணத்தை உங்கள் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது, நகையைப் பத்திரப்படுத்தித் தரக் கூடாது. உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது, நாமினியாக உங்கள் பெயரைப் போட விடக் கூடாது. வங்கிக்குப் போனால் இல்லத்தின் பொறுப்பாளருக்குத் தெரிந்தே போக வேண்டும். உங்களை நம்பாமல் இதைச் சொல்லவில்லை. பத்து வருடமாக எட்டிப் பார்க்காத சொந்தக்காரர், பெரியவர் இறந்த அடுத்த நாள் வந்து கணக்குக் கேட்பார். அப்போது உங்கள் நல்ல பெயரைக் காப்பாற்ற இந்தக் கோடு மட்டும்தான் இருக்கும்.

சொத்துக் கதைகளும் உங்கள் காதுக்கு வரும். செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டேன், அதன் பிறகு பிள்ளை பார்க்கவில்லை என்பதை இரண்டாவது மாதத்திலேயே யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் அதற்கு வழி உண்டு. பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்டு வருவாய்க் கோட்டாட்சியரிடம், நாம் ஆர்.டி.ஓ. என்கிறோமே அவரிடம், மனு கொடுக்கலாம். பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தென்றால், பார்த்துக்கொள்ளாதபோது அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கக் கேட்க 23ஆம் பிரிவு இடம் தருகிறது. இவ்வளவும் நிச்சயம். அந்த நிபந்தனை பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டுமா, எழுதாவிட்டாலும் சூழ்நிலையை வைத்து எடுத்துக்கொள்ளலாமா என்பதில் நீதிமன்றங்கள் எப்போதும் ஒரே மாதிரி சொன்னதில்லை. அதனால் "உங்க சொத்து திரும்பி வந்துரும் பாட்டி" என்று ஒருநாளும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அழைத்துப் போங்கள், அல்லது 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் கேளுங்கள். இன்னொன்றும் உண்டு. பாதிப் பேருக்கு வழக்குப் போட விருப்பமே இருக்காது. சொல்ல வேண்டும் என்றுதான் இருக்கும். சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "ஏதாவது செய்யணும்னு நினைக்கிறீங்களா?" என்று ஒரே ஒரு தடவை கேளுங்கள். வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

காகித வேலை இல்லாத புதன்கிழமைகளில் பேச்சுதான். இதற்கும் கொஞ்சம் பழக்கம் வேண்டும். வயதானால் முதலில் மங்குவது மெல்லிய, உயர்ந்த ஒலிகள். அதனால்தான் நாம் கத்தினாலும் அவர்களுக்குச் சொற்கள் புரிவதில்லை, சத்தம் மட்டும் போய்ச் சேர்கிறது. எதிரே, முகம் தெரியும் உயரத்தில் உட்கார்ந்து, குரலைச் சற்றுத் தாழ்த்தி, நிறுத்தி நிறுத்திப் பேசுங்கள். டிவியை அணைக்கச் சொல்லிக் கேளுங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ வேண்டும், முதுகில் விழக் கூடாது. இவ்வளவு செய்தாலே, "இந்த சார் பேசுறது மட்டும் எனக்குக் கேக்குது" என்பார்கள்.

மறதி நோய் உள்ளவர்களிடம் நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஆச்சி என்னிடம், "அவுக இன்னும் கடையில இருந்து வரலையே" என்று கேட்டார். அவர் கணவர் இறந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. பொய் சொல்லக் கூடாது என்று நினைத்து உண்மையைச் சொன்னேன். அவர் அன்றைக்குத்தான் முதல்முறை கேட்பதுபோல் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அரை மணி நேரத்தில் அழுகையின் காரணம் மறந்துபோனது, அழுகை மட்டும் ராத்திரி வரை நிற்கவில்லை. இப்போது யாராவது அப்படிக் கேட்டால், "என்ன கடை ஆச்சி வச்சிருந்தாக?" என்று கேட்பேன். கடையைப் பற்றி அவர் பேசுவார். அதில் பொய்யும் இல்லை, இழவுச் செய்தியும் இல்லை. "நான் யாருன்னு சொல்லுங்க பார்க்கலாம்" என்று சோதிப்பதையும் விட்டுவிடுங்கள். பார்த்தவுடன் நீங்களே பெயரைச் சொல்லிவிடுங்கள், ஒவ்வொரு வாரமும்.

சாப்பிட எதையும் கேட்காமல் கொடுக்காதீர்கள். சர்க்கரைக்காக மட்டும் சொல்லவில்லை. பக்கவாதம் வந்தவர்களுக்கும், மறதி முற்றியவர்களுக்கும், பார்கின்சன் உள்ளவர்களுக்கும் விழுங்குவதில் கோளாறு இருக்கலாம். நாம் அன்போடு கொடுக்கும் வடைத் துண்டு மூச்சுக்குழாயை அடைத்துவிடும். தண்ணீரே புரையேறி நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரலாம். எழுந்து நடக்க உதவும்போது கட்டில் ஓரத்தில் ஓரிரு நிமிடம் உட்கார வைத்துப் பிறகு எழுப்ப வேண்டும். சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். விழுந்து கிடப்பவரை நீங்களாகத் தூக்கவே கூடாது, ஆளைக் கூப்பிடுங்கள். உங்கள் இடுப்புக்கும் 60 வயதாகிறது. மாத்திரை எடுத்துக் கொடுப்பது உங்கள் வேலை இல்லை, அவர் கெஞ்சினாலும். சளி, காய்ச்சல் இருக்கும் வாரம் போகாதீர்கள், போனில் மட்டும் பேசுங்கள்.

பயிற்சி வேண்டுமா என்றால், கொஞ்சம் இருந்தால் நல்லது. அது எவ்வளவு சின்னது என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். கோழிக்கோட்டில் 1993ல் தொடங்கிய வலி நிவாரணப் பணி, பிறகு அக்கம்பக்கத்தார் சேர்ந்து நடத்தும் பேலியேட்டிவ் கேர், அதாவது தீராத நோயாளிகளின் வேதனையைத் தணிக்கும் பராமரிப்பு, இயக்கமாகக் கேரளம் முழுக்கப் பரவியது. 2008ல் அந்த மாநில அரசு இதற்கென்றே கொள்கை வகுத்தது. படுக்கையில் கிடப்பவர்களின் வீடுகளுக்குப் போகும் அந்தத் தன்னார்வலர்களுக்கு ஆரம்பப் பயிற்சி 16 மணி நேர வகுப்பு, அப்புறம் அனுபவம் உள்ளவர்களோடு நான்கு நாள் நேரில் போய்ப் பார்ப்பது, அவ்வளவுதான். ஆட்டோ ஓட்டுநர்கள், ஆசிரியர்கள், வீட்டுப் பெண்கள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் அப்படித் தயாரானவர்கள்தான். நீங்கள் போகும் இல்லத்தில் வகுப்பு எதுவும் இல்லையென்றால், முதல் நான்கு வாரம் அங்கே நெடுநாள் இருக்கும் ஒரு ஆயா அக்காவின் கூடவே நில்லுங்கள். யாருக்கு எந்தக் காது கேட்கும், யாரிடம் எந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்பது அந்த அக்காவுக்குத்தான் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற அதிகாரிகள் பலரைச் சேர்த்த அனுபவத்தில் சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். முப்பது வருடம் கையெழுத்துப் போட்ட கைக்கு, போன இடத்தில் எதையாவது சீர்திருத்தத் தோன்றும். ஒரு தலைமையாசிரியர் வந்தார். முதல் வாரமே அட்டவணை போட்டார், காலை தியானம், மாலை சொற்பொழிவு. இரண்டாவது வாரம் கூடத்தில் நாலு பேர், மூன்றாவது வாரம் ஒருவரும் இல்லை. மனம் நொந்து நின்றுவிடப் போனவரை, பார்வை போன ஒரு ரயில்வே பெரியவருக்குப் பேப்பர் வாசிக்கச் சொன்னேன். தலையங்கத்திலிருந்து ஆரம்பித்தார். பெரியவர், "அது இருக்கட்டும் சார், கண்ணீர் அஞ்சலி யாரு, அதைப் படிங்க மொதல்ல" என்றார். அப்புறம் தங்கம் விலை, அப்புறம் பழைய ஊர்ப் பக்கம் மழை எவ்வளவு, அதற்கப்புறம்தான் அரசியல். தலைமையாசிரியர் அந்த வரிசையைக் கற்றுக்கொண்டார். ஆறு வருடம் செவ்வாய்க்கிழமை தவறாமல் வந்தார். பெரியவரின் ரயில் கதைகளை ஒரு நோட்டில் எழுதியும் வைத்தார். அங்கே எது தேவை என்பதை அங்கே இருப்பவர்தான் சொல்ல வேண்டும். "இன்னைக்கு வெளியில உக்காரலாமா, உள்ளயே இருக்கலாமா?" என்ற அளவிலாவது முடிவை அவரிடம் விடுங்கள். எப்போது எழுந்திருப்பது, என்ன சாப்பிடுவது, எப்போது விளக்கை அணைப்பது என்று எல்லாமே வேறு யாரோ முடிவு செய்யும் வாழ்க்கை அவர்களுடையது.

எந்த இல்லத்துக்கும் போய்விடலாம் என்றும் சொல்ல மாட்டேன். பதிவு பெற்றதா என்று மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள். சொல்லாமல் ஒரு மத்தியானம் போய்ப் பாருங்கள். மூத்திர வாடை, பூட்டிய அறைகள், நீங்கள் ஒருவரிடம் தனியாகப் பேசினால் கூடவே வந்து நிற்கும் ஊழியர், இவை எனக்குச் சரியாகப் படாத அடையாளங்கள். ஏழ்மையான இல்லம் வேறு, மோசமான இல்லம் வேறு. உடம்பில் காயம், பயந்த பேச்சு என்று ஏதாவது கண்ணில் பட்டால் நீங்களே போலீஸ் வேலை பார்க்காமல், அந்த 14567 எண்ணுக்கோ சமூக நல அலுவலருக்கோ தெரியப்படுத்துங்கள். இல்லம் சரிப்படவில்லை என்றால் உங்கள் தெருவிலேயே பாருங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில், கீழ் வீட்டில் பூட்டிய கேட்டுக்குள் ஒரு அம்மா என்று திருச்சியில் எங்கும் இருக்கிறார்கள். உங்கள் ஊரிலும் இருப்பார்கள். அங்கே போகும்போது உங்கள் மனைவியையும் அழைத்துப் போங்கள், அந்த வீட்டுப் பிள்ளைகளிடம் போனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு.

உங்கள் மகனின் பயத்துக்கு வருகிறேன். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. நீங்கள் நெருங்கிப் பழகும் இரண்டு மூன்று பேரில் ஒருவர் இரண்டொரு வருடத்துக்குள் இறந்துபோகலாம். புதன்கிழமை போனால் கட்டிலில் விரிப்பு மாற்றியிருக்கும். அந்த இரவு தூக்கம் வராது. எனக்கு 22 வருடத்துக்குப் பிறகும் வருவதில்லை. சொந்த வீட்டில் சமீபத்தில் இழப்பு நேர்ந்தவர்களை நான் உடனே சேர்ப்பதில்லை. ஒரு வருடம் போகட்டும், இல்லையென்றால் வங்கி வேலை மட்டும் செய்யுங்கள் என்பேன். போய் வந்த பாரம் வாரக்கணக்கில் இறங்கவே இல்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, எழுந்திருக்கத் தோன்றவில்லை என்றால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

அந்தக் கடைசி வரிக்கும் பதில் வேண்டும். போகப் போகப் பயம் குறையுமா என்றால், எல்லோருக்கும் குறைகிறது என்று சொல்ல மாட்டேன். இரண்டு பேர் என்னிடம், "பார்க்கப் பார்க்க பயம்தான் கூடுது மேடம்" என்று சொல்லிவிட்டு நின்றிருக்கிறார்கள், அதில் தவறே இல்லை. தொடர்ந்து வந்தவர்களில் பெரும்பாலானோரிடம் பார்த்தது என்னவென்றால், பெயர் தெரியாத பயம் பெயர் தெரிந்த வேலைகளாக மாறுகிறது. பாத்ரூமில் கைப்பிடி போடுகிறார்கள். காது பரிசோதனையைத் தள்ளிப் போடுவதில்லை. நாமினி பெயரைச் சரி பார்க்கிறார்கள். வீட்டை இப்போதே எழுதிக் கொடுக்காமல் உயிலாக வைக்கிறார்கள். மகனிடமும் மருமகளிடமும், எனக்கு முடியாமல் போனால் என்ன செய்யலாம் என்று சண்டையில்லாத ஒரு நாளில் உட்கார்ந்து பேசுகிறார்கள். அந்தப் பேச்சை உங்கள் மகனோடு தொடங்க இந்தக் கேள்வியே நல்ல சாக்கு.

முதல் நாள் போகும்போது எதுவும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள், போட்டோ எடுக்காதீர்கள். பொறுப்பாளரிடம், "பார்க்க யாருமே வராதவங்க ரெண்டு பேர் சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் பெயரையும் ஊரையும் சொல்லுங்கள், அவர்கள் ஊரைக் கேளுங்கள். பேச்சு வராவிட்டால் சும்மா உட்கார்ந்திருங்கள், காபி வரும் நேரம் வந்துவிடும். அடுத்த வாரம் போகும்போது மட்டும் பெரிய எழுத்துப் போட்ட மாதக் காலண்டர் ஒன்று எடுத்துப் போங்கள். கட்டிலில் படுத்தபடியே தெரியும் இடத்தில் மாட்டி, அதற்கடுத்த புதன்கிழமையை அவர் பார்க்கும்போதே சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, பக்கத்தில் மூன்று மணி என்று எழுதிவிட்டு வாருங்கள்.